மேடை இல்லாத ஊர் சர்க்கஸ்: எல்லாரும் செய்யும் விழாவுக்கு எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: யாழ்ப்பாணத்தில் ஒரு சனசமூக நிலையம் 2027 தை, மாசியில் ஆண்டு விழா வைக்க நினைக்கிறது. வழக்கமான பாட்டு, நடனம், பரிசளிப்புக்குப் பதிலாக சர்க்கஸ் வித்தைகள் வேண்டும். குப்பை மிஞ்சக்கூடாது. சக்கர நாற்காலியில் வருபவர், பார்வையற்றவர், வயோதிபர், சிறுபிள்ளை என்று ஒருவரும் விடுபடக்கூடாது. அறுநூறு பேரளவில் வருவார்கள். "எந்தக் குழுவைக் கூப்பிடலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் மற்ற வரிகளைப் பார்த்தால் நீங்கள் தீர்மானிக்க வேண்டியது வேறொன்று: சனம் வந்து பார்க்கும் விழாவா, சனமே செய்யும் விழாவா? பார்க்கும் விழா என்றால் காசும் ஒரு குழுவும் போதும். செய்யும் விழாவுக்குப் பத்து வாரப் பயிற்சியும் யோசித்துத் தெரிவு செய்த ஒரு நிலமும் வேண்டும். நீங்கள் விரும்புவது இரண்டாவதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இது புதிய யோசனை இல்லை. கம்போடியாவின் பட்டம்பாங்கில் அகதி முகாமிலிருந்து திரும்பிய இளைஞர்கள் 1994இல் தொடங்கிய கலைப்பள்ளி பின்னர் சர்க்கஸையும் கற்பித்தது. காபூலில் 2002இல் பிள்ளைகளுக்கான நடமாடும் சர்க்கஸ் ஒன்று உருவானது. இரண்டும் போர் கண்ட இடங்கள். இப்படிப்பட்ட பயிற்சியால் உடற்சமநிலையும் கை-கண் ஒத்திசைவும் கூடும், முன்பின் தெரியாத பிள்ளைகள் ஒருவரை ஒருவர் நம்பிப் பிடிக்கப் பழகுவார்கள். இதில் சந்தேகம் இல்லை. போர் விட்ட மனவடுவை இது ஆற்றிவிடும் என்று துண்டுப்பிரசுரத்தில் போடாதீர்கள். அப்படிச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் பலமில்லை. அது உளநல மருத்துவரின் வேலை, பந்து எறிபவரின் வேலை இல்லை.

முதல் முடிவு: மேடையை விடுங்கள். நம்மூர் விழாவில் அரைவாசிக் காசும் அரைவாசி நேரமும் மேடைக்கே போகின்றன. பந்தல், பின்திரை, விருந்தினர் கதிரை, பொன்னாடை, பிறகு ஏழு உரைகள். சக்கர நாற்காலியில் இருப்பவரை நாலு பேர் தூக்கி ஏற்றி, எல்லாரும் கைதட்ட, பரிசு கொடுத்து இறக்குவதை "உள்வாங்கல்" என்று நினைத்துக்கொள்கிறோம். சர்க்கஸுக்கு மேடை வேண்டியதே இல்லை, வட்டம் போதும். பிலிப் அஸ்ட்லி 1768இல் இலண்டனில் குதிரை வித்தை காட்டத் தொடங்கிய வட்டம் பின்னர் 42 அடி விட்டமாக, ஏறத்தாழ 13 மீற்றராக நிலைத்தது. ஓடும் குதிரையின் முதுகில் நிற்பவர் சமநிலை காக்க அந்த அளவு பொருந்தியது. உங்களிடம் குதிரை இல்லை, 8 மீற்றர் விட்டம் தாராளம். அதைச் சுற்றி ஒன்றரை மீற்றர் வெறுமையாக விடுங்கள். அதற்கப்பால் ஒரு சதுர மீற்றருக்கு இரண்டு பேர் என்று கணக்கிட்டு, ஒன்றரை மீற்றர் அகலத்தில் நாலு வழியும் விட்டால், அறுநூறு பேரும் 24 மீற்றர் விட்டத்துக்குள் அடங்குவார்கள். முன்னால் பாய், அடுத்து வாங்கு, அதற்குப் பின் கதிரை, கடைசியில் நிற்பவர்கள். சக்கர நாற்காலி இடங்களை ஒரே மூலையில் ஒதுக்காமல் நாலு வழிகளின் உள்முனையிலும் வையுங்கள். ஓரிடத்துக்கு 90 சென்ரிமீற்றர் அகலமும் 140 நீளமும், பக்கத்தில் கூட வருபவருக்கு ஒரு கதிரையும் வேண்டும்.

நிலத்தில்தான் பலரும் சறுக்குவார்கள். யாழ்ப்பாணத்து மைதானத்தில் மணல் இருந்தால் சக்கர நாற்காலியின் சிறிய முன்சக்கரம் புதைந்து, இருப்பவர் முன்னால் கவிழ்வார். ஓலைப்பாய் விரித்தால் சக்கரம் அதைச் சுருட்டிக்கொள்ளும். 18 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை, எட்டடிக்கு நாலடி, நீளவாக்கில் அடுக்குங்கள். 20 மீற்றர் பாதைக்கு ஒன்பது பலகை போதும். கொங்கிறீற்று வேலைக்குத் தட்டடிப்பவர்களிடம் வாடகைக்குக் கிடைக்கும், ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் தடவிப் பாருங்கள். இரண்டு பலகை சேரும் இடத்தில் அடியில் ஒரு சட்டம் வைக்காவிட்டால் ஒன்று தாழ்ந்து மற்றது தடுக்கும். படி இருந்தால் சாய்தளத்தின் சரிவு 1:12. 15 சென்ரிமீற்றர் படிக்கு 1.8 மீற்றர் நீளம் வேண்டும். "கொஞ்சம் செங்குத்தாக வைத்தால் என்ன, தள்ளிவிடலாம்தானே" என்பார்கள். ஏறும்போது தள்ளலாம், இறங்கும்போது யார் பிடிப்பது?

எந்த இடம் என்பதும் நிலக் கேள்விதான், வேறு வகையில். கோயில் வீதி விசாலமாக, நிழலாக, தண்ணீர் வசதியோடு இருக்கும். ஆனால் அங்கே வைத்தால் யார் வராமல் விடுவார்கள் என்று உங்கள் குழு வெளிப்படையாகப் பேச வேண்டும். சாதியின் பேரில் ஒரு காலம் வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அழைப்பிதழை வாங்கிவிட்டு வராமல் இருப்பார்கள். கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் தயங்குவார்கள். தேவாலய வளவுக்கும் இதே கணக்கு. பாடசாலை மைதானமே ஆகக்குறைந்த தடையுள்ள இடம்.

திகதிக்கு 2027இல் இடுக்கு அதிகம். தைப்பொங்கல் ஜனவரி 15. அன்று வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழா இருப்பதால் இளைஞர்கள் கிடைக்க மாட்டார்கள். தைப்பூசம் 22. பெப்ரவரி 8 அளவில், பிறையைப் பொறுத்து, முஸ்லிம்களின் நோன்பு தொடங்கும். 10ஆம் திகதி திருநீற்றுப் புதன், அதோடு தவக்காலம். இரண்டும் மாசி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். வைகாசிக்குப் பிறகு சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடித்து வீசும், எறிந்த பந்து பக்கத்து வளவில் விழும். ஆகவே ஜனவரி 30 சனிக்கிழமை அல்லது பெப்ரவரி 6 சனிக்கிழமை. இரண்டாவதற்கு முந்திய நாட்களில் சுதந்திர தின ஒத்திகையில் பாடசாலைகள் பரபரப்பாக இருக்கும் என்பதால் முதலாவதையே தெரிவு செய்வேன். தை மழை முற்றாக விட்டிருக்காது, பின்னாலுள்ள மண்டபத்தையும் சேர்த்துப் பதிந்து வையுங்கள். நேரம் பின்னேரம் 3.30 முதல் 6 மணி வரை. சூரியன் 6.15 அளவில் மறையும், அதற்குள் முடித்தால் விளக்குக்கு மின்பிறப்பாக்கி வேண்டாம், முஸ்லிம் குடும்பங்கள் மஃரிப் தொழுகைக்குப் போகலாம், பெண்கள் கடைசி பஸ்ஸைத் தவற விடமாட்டார்கள்.

இனி வித்தைகள். விலைக்கு வாங்கும் சாமான்களைவிட ஊரில் செய்பவை பழகுவதற்கு நல்லவை, காரணம் உடைந்தால் ஒருவரும் திட்ட மாட்டார்கள். தொடக்கம் பந்தில் வேண்டாம், துணியில் வையுங்கள். பழைய ஜோர்ஜெட் அல்லது நைலெக்ஸ் சேலை ஒன்றை 55 சென்ரிமீற்றர் சதுரங்களாக வெட்டினால் இருபது துண்டு வரும். பருத்தியும் பட்டும் பொத்தென்று விழும். இந்த மெல்லிய துணி காற்றில் மிதந்து இறங்குவதால் கை மெதுவாக அசைபவருக்கும் பிடிக்க நேரம் கிடைக்கும். ஓரத்தைத் தையல் இயந்திரத்தில் ஒருதரம் ஓட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் வாரத்தில் நூல் பிரிந்து விரலில் சுற்றும். பந்துக்கு ஒற்றையாகக் கிடக்கும் பழைய காலுறை, உள்ளே 125 கிராம் குரக்கன், இறுக்கி முடிந்து மிச்சத்தை மடித்துத் தைப்பது. குரக்கனை முதலில் நல்ல வெயிலில் காயவிடாமல் போட்டால் வண்டு வைக்கும். ரென்னிஸ் பந்து வேண்டாம், விழுந்தவுடன் உருண்டோடும், பயிற்சி நேரத்தின் பாதி பொறுக்குவதில் போய்விடும்.

வளையத்துக்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் கறுப்புப் பொலித்தீன் குழாய், முக்கால் அங்குலம். மூன்று மீற்றர் துண்டு 95 சென்ரிமீற்றர் விட்டம் தரும், பெரிய பிள்ளைகளின் இடுப்புக்குச் சரி. இருந்தபடி கையில் சுழற்றுபவருக்கு 1.9 மீற்றர் துண்டு, 60 சென்ரிமீற்றர் விட்டம். முனைகளைக் கொதிநீரில் தோய்த்து இணைப்பியை உள்ளே தள்ளுங்கள், ஆறினால் இறுகிவிடும். உருளும் குழாயின் மேல் பலகை வைத்து நிற்கும் உருளைப் பலகைக்கு 75க்கு 28 சென்ரிமீற்றரில் ஒட்டுப்பலகையும் 110 மில்லிமீற்றர் குழாயில் 35 சென்ரிமீற்றர் துண்டும். மலசலகூடத்துக்குப் போடும் மெல்லிய குழாய் ஆள் ஏறியதும் நெளிந்து நீள்வட்டமாகும், அதனால் அழுத்தம் தாங்கும் தடித்த குழாய் எடுங்கள், மேலே பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றுங்கள். பலகையின் இரண்டு முனையிலும் அடியில் ஒரு குறுக்குச் சட்டம் கட்டாயம். அது இல்லாவிட்டால் குழாய் வெளியே உருண்டு ஆள் மல்லாந்து விழுவார். முதல் நாள் இரண்டு பேர் கைபிடிக்க வேண்டும், சீமெந்துத் தரையில் கூடாது.

பொய்க்கால், அதாவது கட்டையில் ஏறி நடப்பது, நமக்குப் புதிதில்லை. மாதவி ஆடிய பதினோராடலில் மரக்காலாடலும் ஒன்று. சின்னப் பிள்ளைகளுக்குச் சிரட்டை இரண்டைக் கவிழ்த்துக் கயிறு கோத்த சிரட்டை நடை போதும். பெரியவர்களுக்கு 1.8 மீற்றர் உயரத்தில் இரண்டுக்கிரண்டு அங்குலச் சட்டம், நிலத்திலிருந்து 25 சென்ரிமீற்றரில் கால் கட்டை. கட்டையை ஆணியில் அடிக்காமல் 10 மில்லிமீற்றர் போல்ற் இரண்டால் இறுக்குங்கள், ஆணி ஒவ்வோர் அடிக்கும் தளர்ந்து எதிர்பாராத நேரத்தில் கழரும். அடியில் ரயர் துண்டு. பனஞ்சலாகை வலுவானது, மலிவானது, ஆனால் கையில் பிடிக்கும் எதற்கும் வெறுங்காலால் நடக்கும் எதற்கும் அதை எடுக்காதீர்கள். பனஞ்சிராம்பு ஒன்று ஏறினால் அந்தப் பிள்ளை திரும்பிப் பயிற்சிக்கு வராது.

எல்லாரும் செய்யலாம் என்பது இரக்கப் பேச்சாகப் போகாமல் இருக்க, ஒவ்வொரு வித்தைக்கும் வேறு வழி ஒன்றை முதலிலேயே யோசிக்க வேண்டும். ஒரு கை இல்லாதவரும் இன்னொருவரும் தோளோடு தோள் நின்று ஆளுக்கொரு கையால் மூன்று பந்தை எறிந்து பிடிக்கலாம்; பார்ப்பவருக்கு அது தனியே செய்வதைவிட அழகு, செய்பவருக்கு அது சலுகை இல்லை, கடினமான வித்தை. கடற்றொழிலாளர் பயன்படுத்தும் தடித்த கயிறு, 25 முதல் 30 மில்லிமீற்றர், ஆறு மீற்றரில் நிலத்தில் கிடத்தினால் பார்வையற்றவர் வெறுங்காலால் உணர்ந்து நடப்பார். கண்ணைக் கட்டிவிட்டு மற்றவர்களையும் நடக்கச் சொல்லுங்கள், யார் தடுமாறுகிறார் என்று தெரியும். காது கேளாத, பார்வையற்ற பிள்ளைகளுக்கான கைதடி நவீல்ட் பாடசாலை, பார்வையற்றோருக்கான சுன்னாகம் வாழ்வகம், செயற்கைக் கால் பொருத்தும் யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையம் ஆகியவற்றோடு முதல் கூட்டத்துக்கு முன்பே பேசுங்கள். அழைப்பிதழ் கொடுக்கப் போகாமல், திட்டத்தைத் திருத்தித் தரும்படி கேட்டுப் போங்கள். காது கேளாதவர்கள் வருவதானால் அவர்களோடு பழகிய சைகை மொழிபெயர்ப்பாளர் வட்டத்துக்குள், வெளிச்சம் முகத்தில் விழும்படி, மேற்குப் பார்த்து நிற்கட்டும். இரைச்சல் தாங்காத பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பறையை அமைதி அறையாக விடுங்கள். ஒலிபெருக்கியிலிருந்து தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் ஒலி 6 டெசிபெல் குறையும், ஆகவே ஒலிபெருக்கிக்குப் பின்பக்கமுள்ள தூர அறையை எடுங்கள். வெடி கொளுத்தாதீர்கள். தொடக்கத்தின் அடையாளமாக யாராவது கட்டாயம் சரவெடி கொண்டுவருவார், வாங்கி வைத்துவிடுங்கள். இந்த மண்ணில் அந்தச் சத்தம் சிலருக்கு வேறு நாளை நினைவூட்டும்.

சில வித்தைகளை வேண்டாம் என்று சொல்லத் துணிவு வேண்டும். மரக்கொம்பில் துணி கட்டித் தொங்குவது கூடாது. தொங்கிக் கீழே பாய்ந்து நிற்கும் கணத்தில் கொம்பு தாங்க வேண்டியது உடல் எடையின் பல மடங்கு, அந்தக் கொம்பு உள்ளே உக்கியிருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. தீப்பந்தமும் வேண்டாம், பக்கத்தில் கிடுகுக் கொட்டில் ஒன்றிருந்தால் போதும். மனிதக் கோபுரம் இரண்டு தட்டோடு நிற்கட்டும். மேலே ஏறுபவர் கீழிருப்பவரின் தோளிலும் இடுப்பெலும்பின் மேலும் மட்டும் பாரம் வைக்க வேண்டும், நடுமுதுகில் கால் வைக்கவே கூடாது. ஏறும்போது விபத்துக் குறைவு, முடிந்த சந்தோசத்தில் மேலிருந்து குதிக்கும்போதுதான் கீழிருப்பவர் சரிவார். உடம்பில் ஷெல் துண்டு இருப்பவர்கள் நம்மிடையே பலர். பாரம் தாங்கும் இடத்தில் அவர்களை நிறுத்துமுன் தனியாக, மெதுவாகக் கேளுங்கள், மருத்துவர் சம்மதம் வேண்டும். பொய்க்காலில் நடப்பவரின் பாதைக்கு மேல் மின்கம்பி போகக்கூடாது. பிள்ளைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். அம்புலன்ஸ் இலக்கம் 1990, சிறுவர் பாதுகாப்பு இலக்கம் 1929. இரண்டையும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்.

குப்பைக்கு வருவோம். இதில் பாதியைச் சட்டமே உங்களுக்காகச் செய்துவிட்டது. சோற்றுப் பொலித்தீன் தாளும் ரெஜிபோம் பெட்டியும் விழாக்களில் பொலித்தீன் அலங்காரமும் 2017 செப்டெம்பரிலிருந்து தடை. ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்ரிக் கோப்பை, தட்டு, கரண்டி, உறிஞ்சு குழல், மாலை எல்லாம் 2023 ஒக்டோபரிலிருந்து தடை. மிஞ்சுவது தண்ணீர்ப் போத்தல். அதற்கு நம்மிடம் தண்ணீர்ப்பந்தல் இருக்கிறதே! ஆளுக்கு ஒரு லீற்றர், 600 லீற்றர், மோருக்கும் சேர்த்து. கோயில் மடத்திலோ கலியாண மண்டபத்திலோ 300 எவர்சில்வர் தம்ளர் இரவல் வாங்குங்கள், எண்ணி எழுதி வாங்குங்கள். கழுவ மூன்று தொட்டி: சவர்க்காரத் தண்ணீர், வெறும் தண்ணீர், கடைசியில் லீற்றருக்கு 2 மில்லிலீற்றர் வீதம் 5 வீதத் திரவக் குளோரின் கலந்த தண்ணீர். துடைக்காமல் கவிழ்த்துக் காயவிடுங்கள், ஒரே துணியால் துடைத்தால் கழுவியதே வீண். சாப்பாடு சைவமாக இருந்தால் மூன்று சமயத்தவரும் ஒரே பந்தியில் இருப்பார்கள். பனையோலைப் பிளாவில் ஒடியற்கூழ் கொடுக்கலாம், மீன் போடாமல் வைத்தால் என்ன கூழ் என்று கேட்பார்கள்தான். மற்றதுக்கு வாழையிலை. "மக்கும் பை" என்று அச்சடித்து விற்பதை நம்பி வாங்காதீர்கள். அவற்றில் பல ஆலைச் சூட்டில்தான் மக்கும், உங்கள் வளவுக் குழியில் அப்படியே கிடக்கும். குப்பைத் தொட்டிகளைத் தனித்தனியே வைக்காமல் இரண்டிரண்டாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆளோடு வையுங்கள். ஆளில்லாத தொட்டியில் பத்து நிமிடத்தில் எல்லாம் கலந்துவிடும்.

ஆனால் யாழ்ப்பாணத்தில் சூழலைப் பற்றிப் பேசினால் குப்பையைவிட மலசலகூடம் பெரிய விசயம். நிலத்தடியில் சுண்ணக்கல், அதன் வெடிப்புகளில்தான் நம் குடிநீர் நிற்கிறது, வற்றாத ஆறு கிடையாது. தற்காலிகமாகக் குழி வெட்டினால் அது மிக விரைவாக யாரோ ஒருவரின் கிணற்றுக்குள் போகும். புதிய குழி வெட்டவே வேண்டாம், பாடசாலை மலசலகூடங்களைப் பாவியுங்கள். பெண்களுக்கு ஆறு, ஆண்களுக்கு மூன்று, அதோடு கொமட்டும் கைபிடியும் உள்ளே 1.5 மீற்றர் திரும்பும் இடமும் உள்ள ஒன்று. முதல் வாரமே தொட்டி நிரம்பியிருக்கிறதா என்று பார்த்து, நிரம்பியிருந்தால் பிரதேச சபையின் கழிவு உறிஞ்சும் பவுசரைக் கேளுங்கள். சனிக்கிழமை அன்று சாவி யாரிடம், மேல்தாங்கியில் தண்ணீர் யார் ஏற்றுவது என்று பெயரோடு எழுதி வைக்காவிட்டால் இந்த ஏற்பாடு எல்லாம் ஒரு பூட்டுக்கு முன்னால் நின்றுவிடும்.

அனுமதிகளைப் பொறுத்தவரை, ஒலிபெருக்கிக்குப் பொலிசும் சாப்பாட்டுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் மைதானத்துக்கு அதிபரும். நுழைவுச்சீட்டு விற்றால் களியாட்ட வரி வரும். விற்காதீர்கள், உண்டியல் வையுங்கள். கட்டணமும் படிவமும் இடத்துக்கிடம் மாறும், உங்கள் பிரதேச சபையில் ஒரு மாதம் முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

நீங்கள் கேட்ட குழுவுக்கு இப்போது வருகிறேன். ஒரு மாலைக்கு ஒரு குழுவை அழைக்கும் காசில் ஒரு பயிற்சியாளரைப் பத்து வாரம் வைத்திருக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். வாரம் இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம், ஒரு பயிற்சியாளரிடம் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். சிலம்பம், காவடி, கரகம் தெரிந்தவர் ஊரிலேயே இருந்தால் அவருக்கும் அதே கூலியைக் கொடுங்கள். ஜனவரி 30இலிருந்து பத்து வாரம் பின்னால் எண்ணினால் நவம்பர் 21, மாரி நடுவில் நிற்கும். வெளியில் பழக முடியாது, பரீட்சை வந்தால் மண்டபங்களும் போகும். ஆகவே நாலு மீற்றருக்குக் குறையாத கூரையுள்ள ஒரு மண்டபத்தை ஒக்டோபரிலேயே பேசி முடித்துவிட்டுத்தான் முதல் சேலையை வெட்டுங்கள்.